நெடுநடை பழக: பஸ்ஸில் போய், நடந்து திரும்புங்கள்

நெடுந்தூர நடை பழகத் தொடங்குபவர்கள், வீட்டிலிருந்து நடந்து போய் பஸ்ஸில் திரும்பாமல், அதிகாலை பஸ்ஸில் தொலைவுக்குப் போய் அங்கிருந்து வீட்டை நோக்கி நடங்கள். மதுரைக்காரர்களுக்கு அழகர்கோவில் சாலை இதற்கு அருமை. அங்கிருந்து நகருக்குச் சுமார் 20 கிலோமீட்டர். கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி, தல்லாகுளம் என்று சித்திரையில் கள்ளழகர் வரும் வழியேதான்.

கால் தெம்பாக இருக்கும்போது யாருக்குமே தன் அளவு தெரியாது. வீட்டை விட்டு விலகி நடந்தால், களைப்பு தெரியும் நேரத்தில் ஊரிலிருந்து வெகுதூரம் வந்திருப்போம். அப்புறம் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். திரும்பி நடக்கும்போது களைக்கக் களைக்க வீடு நெருங்குகிறது, பஸ்ஸும் அடிக்கடி கிடைக்கிறது. குதிகாலில் காலுறை உரசி எரியத் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள், அது கொப்புளத்துக்கு முந்தைய கட்டம். அடுத்த நிறுத்தத்தில் பஸ் ஏறினால் போதும். சாலையின் வலது ஓரமாக நடங்கள். எதிரே வரும் வண்டி கண்ணில் படும்.

பஸ் போகாத மலைப்பாதைகளுக்கு இது பொருந்தாது. கொடைக்கானல் காட்டுப் பாதைகளில் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும்தான் முதலில். பழனி பாதயாத்திரை போல சேரும் இடமே முக்கியமான நடைக்கும் இது ஆகாது. ஆனால் அதற்குப் பயிற்சி எடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும் தூரத்தைப் பாதியாக்கி, அப்பன்திருப்பதியிலிருந்து தொடங்குங்கள்.