ராமேஸ்வரத்தில் வண்டி பேசுவது எப்படி? முதன்முறை வருபவர்களுக்கு

ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் கால் வைத்ததும் லேமினேட் செய்த ஓர் அட்டை உங்கள் முன்னால் நீளும். ராமர் பாதம், லட்சுமண தீர்த்தம், வில்லூண்டி தீர்த்தம், கலாம் நினைவிடம், கோதண்டராமர் கோயில், தனுஷ்கோடி என்று வரிசையாகப் படங்கள். "சார், பன்னெண்டு பாயிண்ட். நாலு மணி நேரத்துல முடிச்சிரலாம்."

அந்தப் பன்னெண்டில்தான் எல்லாரும் மயங்குகிறார்கள். எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு வண்டி பேசிக் கொடுப்பது பல வருஷமாக என் பொறுப்பு. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: எத்தனை இடம் என்று பேசாதீர்கள், எத்தனை மணி நேரம் என்று பேசுங்கள்.

1. கோயிலைத் தனியாக வையுங்கள்

அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, உள்ளே 22 தீர்த்தம், ஈரத்துணி மாற்றிவிட்டு தரிசனம். இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. வாசலில் வண்டி காத்திருக்கிறது என்ற நினைப்போடு போனால் மூன்றாம் பிராகாரத்தின் தூண் வரிசையை நின்று பார்க்க மனசே வராது. காலையில் கோயிலை முடித்து, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து, இரண்டு மணிக்கு மேல் வண்டி ஏறுங்கள். இரவு தங்குவதாக இருந்தால் இன்னும் நல்லது. மறுநாள் விடியலில் தனுஷ்கோடி போகலாம்.

உச்சி வெயிலில் மட்டும் அங்கே போகாதீர்கள். ஒதுங்க மரநிழல் கிடையாது, மணல் காலைச் சுடும். மாலையில் இருட்டும் முன்பே போலீஸார் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் மதியம் கிளம்பினால் முதலில் தனுஷ்கோடிக்கு விடச் சொல்லுங்கள். ஊருக்குப் பக்கத்தில் உள்ள இடங்களைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

2. "தனுஷ்கோடின்னா எதுவரைக்கும்ணே?"

இதை வண்டி ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். ஒருமுறை என் சித்தப்பா குடும்பம் என்னிடம் சொல்லாமல் வந்து அவர்களே வண்டி பேசிவிட்டார்கள். இடிந்த தேவாலயத்துக்கு எதிரே நிறுத்தி, "இதான் தனுஷ்கோடி, பாத்துட்டு பத்து நிமிஷத்துல வந்துருங்க" என்றிருக்கிறார் டிரைவர். அப்படியே திருப்பிக் கொண்டுவந்து சங்குக் கடையில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டார். தீவின் கோடியில் அரிச்சல்முனை என்று ஓர் இடம் இருப்பதே வீட்டுக்கு வந்து நான் சொல்லித்தான் சித்திக்குத் தெரியும். "இவ்வளவு தூரம் வந்தும் முனையைப் பாக்காமப் போறமே" என்று அவர் வருத்தப்பட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நிலவரம் இதுதான். முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கு மேல் மணலில் ஜீப்பும் வேனும்தான். 2017-இல் அங்கிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டருக்குச் சாலை திறந்தார்கள். முதல் ஐந்து கிலோமீட்டரில் பழைய ஊர். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ரயில் நிலையமும் தேவாலயமும் அங்கேதான் சிதிலமாக நிற்கின்றன. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையும் அதே புயல் ஆட்களோடு கொண்டுபோனது. அதைத் தாண்டி நாலரை கிலோமீட்டர் போனால் அசோகத் தூண் நிற்கும் முனை. "பழைய ஊர்ல அரை மணி, முனையில ஒரு மணி நேரம் நிக்கணும்ணே" என்று கணக்காகச் சொல்லிவிடுங்கள்.

3. ஆளைத் தெரிந்துகொள்ள ஒரு கேள்வி

"அண்ணே, இதுல ஆண் கடல் எது, பெண் கடல் எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஊரைத் தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார்: அலையடித்துச் சீறும் மன்னார் வளைகுடா ஆண் கடல், அடங்கிக் கிடக்கும் வடக்குப் பக்கம் பெண் கடல். கூடவே, "முனையில எறங்கிக் குளிக்கக் கூடாது, இழுத்துரும்" என்று அவராகவே எச்சரித்தால் யோசிக்காமல் அவரையே பேசுங்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

நான் எப்போதும் கூப்பிடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பழைய ஊரில் மீனவர் குடிசைகளுக்குப் பக்கத்தில், அங்குள்ளவர்களைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே கூட்டிப்போவார். மணலில் இடுப்பளவு பள்ளம், அடியில் கொஞ்சம் தண்ணீர். அந்த வீட்டு அக்கா சிரட்டையால் மெல்ல மோந்து குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். வேகமாக மோந்தால் மணல் கலங்கிவிடும். என் மகள் கையில் கொஞ்சம் ஊற்றினார். இரண்டு பக்கமும் கடல், நடுவே உப்பே இல்லாத தண்ணீர். மணலில் இறங்கும் மழைத்தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது. அதனால் அதன் மேலேயே தங்கி நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடுமாம். அந்த ஊற்று எந்த அட்டையிலும் ஒரு பாயிண்டாக இல்லை. அதைக் காட்டத் தெரிந்தவருக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் தகும்.

4. பணம்

மொத்தம் எவ்வளவு, அதில் வெயிட்டிங் சேர்ந்ததா, பார்க்கிங்கும் வழியில் கேட்கும் நுழைவுக் கட்டணமும் யார் கணக்கு என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசி முடியுங்கள். "கடைக்கு வேணாம்ணே" என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். மூன்று பேர் வரை ஆட்டோ போதும். அதற்கு மேல், அல்லது வயதானவர்கள் இருந்தால், வேன்தான் சரி. திறந்த ஆட்டோவில் போனால் முனைப் பக்கம் காற்றில் மணல் பறந்து வந்து கண்ணில் விழும்.

5. பாம்பனைத் தனியாகக் கேளுங்கள்

பல அட்டைகளில் பாம்பன் இருக்காது. தீவின் மறுகோடியில் இருப்பதால் அதற்குத் தனி ரேட் சொல்வார்கள். கொடுக்கலாம். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், 1988-இல் வந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய ரயில் பாலம் என்று மூன்று காலத்துப் பாலங்கள் அங்கே பக்கம் பக்கமாக எழுந்தன. பழையதில் 2022-இல் ரயில் நின்றுவிட்டது. அது ஓடிய காலத்தில் கப்பல் வந்தால் ஆட்கள் கையால் சுற்றித் திறந்தார்கள், நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே எழுந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு மோட்டார் விசையில் அப்படியே 17 மீட்டர் செங்குத்தாக உயரும். சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தச் சொல்லாதீர்கள், பின்னால் வரும் பஸ்கள் தேங்கிவிடும். பாம்பன் ஊருக்குள் இறங்கிக் கரையிலிருந்து பார்த்தால் படகுகளோடு சேர்த்து முழுசாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று: முனையில் போன் சிக்னலை நம்ப முடியாது. இறங்கும்போதே வண்டி எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். வண்டி நம்பரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே எல்லா ஆட்டோவும் ஒரே மாதிரிதான் தெரியும்.