தூக்க வேண்டாம், நகர்த்தினால் போதும்: வீல்சேரிலிருந்து வண்டிக்கு மாறும் முறை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் காரின் கதவைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு வீல்சேர் நின்றால் போதும், எங்கிருந்தோ நாலு பேர் ஓடி வந்துவிடுவார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தவர், ஷேர் ஆட்டோக்காரர், பால் பாக்கெட் வாங்க வந்த பையன். “நீ கம்முனு குந்துக்கா, நாங்க தூக்கி வெச்சிடுறோம்!” அந்த மனசைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் அக்குளில் கை விடுவார், ஒருவர் கணுக்காலைப் பிடிப்பார், மூன்றாமவர் ஆர்ம்ரெஸ்டைப் பிடித்துத் தூக்குவார். ஆர்ம்ரெஸ்ட் மட்டும் கழன்று அவர் கையோடு போய்விடும். துணி ஒரு பக்கம் ஏறிக்கொள்ளும். தெருவே வேடிக்கை பார்க்கும்.

எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது, கைகளில் பலம் உண்டு. வெளியே போனால் அண்ணன் மகன் கூட வருவான். நாங்கள் இரண்டு பேரும் இப்போது செய்கிற முறையை அப்படியே எழுதுகிறேன். வீல்சேரை மடிப்பது, பிரேக் போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. ஒன்று மட்டும்: முதல் தடவை சாலையில் செய்து பார்க்காதீர்கள். உங்கள் பிசியோதெரபிஸ்ட் முன்னால், வீட்டில், கட்டிலுக்கும் வீல்சேருக்கும் இடையில் பழகிவிட்டு வாருங்கள்.

என்ன வேண்டும்

ஒரு பலகை, ஒரு பெல்ட், இரண்டு துண்டு. அவ்வளவுதான்.

பலகையைக் கடையில் டிரான்ஸ்ஃபர் போர்டு என்று கேட்டால் கொடுப்பார்கள். வளைந்த பிளாஸ்டிக் பலகைக்கு அவர்கள் சொல்லும் விலைக்கு நான் போக மாட்டேன். தெருவில் இருக்கும் ஆசாரியிடம் சொன்னால் போதும்: 18 மி.மீ. பிளைவுட், இரண்டரை அடி நீளம், ஒன்பது அங்குல அகலம், மேலே மைக்கா, இரண்டு முனைகளும் சீவி மெல்லிசாக, மூலை எல்லாம் உருட்டி, சிம்பு இல்லாமல் தேய்த்துத் தர வேண்டும். வந்ததும் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பாலமாகப் போட்டு, வீட்டிலேயே கனமான ஆளை நடுவில் உட்காரச் சொல்லிப் பாருங்கள். பலகை முனகினால் ஆசாரியிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெல்ட் என்றால் பேன்ட் பெல்ட் இல்லை. அகலமான நாடாவில், இரு பக்கமும் பிடி தைத்த டிரான்ஸ்ஃபர் பெல்ட். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காமல் நல்லதாக வாங்குங்கள். இடுப்பில், துணிக்கு மேலே கட்ட வேண்டும். வயிற்றில் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், வயிற்றில் டியூப் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கட்டக் கூடாது.

உடையைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். புடவை பலகையில் மாட்டும், மடிப்பு தொடைக்குக் கீழே சுருண்டு கட்டியாகிவிடும். உணர்ச்சி இல்லாத இடத்தில் அந்தக் கட்டியோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் புண்தான். கல்யாணத்துக்குப் போனாலும் நான் சுடிதாரில் போய், மண்டபத்தில் மேலே புடவையைச் சுற்றிக்கொள்வேன். ஆண்கள் லுங்கி, வேட்டிக்கு உள்ளே முழங்கால் வரை ஒரு டிராயர் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் தோல் மைக்காவில் படவே கூடாது. நம் ஊர் வேர்வைக்கு ஒட்டிக்கொண்டு இழுக்கும், தோல் உரியும்.

வண்டி சொல்லும்போதே கேட்க வேண்டியவை

கால் டாக்ஸி புக் செய்ததும் ஓட்டுநருக்கு ஒரு போன். “அண்ணே, டிக்கியில் கேஸ் சிலிண்டர் இருக்கா?” சி.என்.ஜி. வண்டி என்றால் டிக்கியில் பாதிக்கு மேல் சிலிண்டர் இருக்கும், மடித்த வீல்சேர் நுழையாது. வாசலில் வந்து நின்ற பிறகு இது தெரிந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

எந்த கார்? வேகன் ஆர் மாதிரி கொஞ்சம் உயரமான சின்ன கார்தான் என் கட்சி. அதன் இருக்கையும் வீல்சேரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வரும். செடான் என்றால் போகும்போது சுகமாக இறங்கிவிடலாம், திரும்ப வீல்சேருக்கு மேல்நோக்கி வர வேண்டும். பெரிய எஸ்.யூ.வி. என்றால் ஏறுவதே மலை.

காருக்கு மாறுவது

நடைபாதையை ஒட்டி நிறுத்தச் சொல்லாதீர்கள். கார் ரோட்டிலும் நீங்கள் அரை அடி உயரத்தில் நடைபாதையிலும் நின்றால் பலகை சறுக்குமரமாகிவிடும். நாலு அடி தள்ளி நிறுத்தச் சொல்லி, இரண்டும் ஒரே தரையில் நிற்க வேண்டும். கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். பக்கத்துத் தெருவுக்குள் போய்விடுங்கள். ரோட்டோரம் வடிகால் பக்கமாகச் சரிந்திருக்கும், பிரேக் போட்டாலும் வீல்சேர் நைசாக விலகும். வெளிப்பக்கச் சக்கரத்துக்கு ஒருவர் கால் முட்டுக் கொடுக்கட்டும்.

முன்பக்க இடது இருக்கையை முழுக்கப் பின்னால் தள்ளி, சாய்மானத்தைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். வெயிலில் நின்ற வண்டி என்றால் இருக்கையையும் சீட் பெல்ட் கொக்கியையும் கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் எனக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். துண்டு விரித்த பிறகுதான் மற்றது.

இனி எங்களை ரொம்ப நாள் படுத்திய இடம். வீட்டில் கட்டிலுக்கு அழகாக நகர்ந்தவள், காரில் மட்டும் பாதி வழியில் நின்றுவிடுவேன். காரணம் பெரிய சக்கரம். கட்டிலில் அது விளிம்புக்கு அடியில் ஒதுங்கிக்கொள்ளும். காரில் கதவுச் சட்டம் வீல்சேரை உள்ளே விடாது. இருக்கைக்கும் எனக்கும் நடுவில் சக்கரமும், அதற்கு அப்பால் ஒரு சாண் வெற்றிடமும் நிற்கும். பலகையைச் சக்கரத்தின் மேல் போட்டால் ஏற்றம், அந்தப் பக்கம் போட்டால் பள்ளம்.

தீர்வு இதுதான். வீல்சேரைக் காருக்கு இணையாக நிறுத்தாமல், முன் மூலை இருக்கையைத் தொடும்படி 30 டிகிரி திருப்பி நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன் கொஞ்சம் முன்னால் போய்ப் பின்னால் வந்தால் சின்னச் சக்கரங்கள் முன்னோக்கித் திரும்பிக்கொள்ளும். அப்போதுதான் முன்னால் குனியும்போது வீல்சேர் கவிழப் பார்க்காது. பிரேக். காருக்குப் பக்கத்து ஆர்ம்ரெஸ்டைக் கழற்றுங்கள், கால் தட்டுகளை ஒதுக்குங்கள், பாதங்கள் தரையில்.

அப்புறம் பலகைக்குப் போவதற்கு முன்பே, வீல்சேரிலேயே முன்பக்கம் நகர்ந்து வாருங்கள், இருக்கையின் முன்பாதி வரை. பிட்டம் சக்கரத்தைத் தாண்டி முன்னால் வந்துவிட்டால் சக்கரம் குறுக்கே வராது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து, காருக்குப் பக்கத்துத் தொடைக்கு அடியில் பலகையைச் செருகுங்கள். மறுமுனை கார் இருக்கையில் ஒரு கை அகலத்துக்காவது உட்கார வேண்டும். சில கார்களில் இருக்கையின் ஓரம் மேடாகவும் நடு பள்ளமாகவும் இருக்கும். இரண்டாவது துண்டை மடித்துப் பள்ளத்தில் வைத்தால் சமமாகும். விரல்களைப் பலகையின் விளிம்புக்கு அடியில் மடக்காதீர்கள், நசுங்கும். கையை விரித்தோ முஷ்டியாகவோ ஊன்றுங்கள். கார் கதவைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள், அது ஆடும்.

முன்னால் குனிந்து, தலையைக் காருக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோங்கள். பயத்தில் தலை காரை நோக்கித்தான் போகும், அப்படிப் போனால் இடுப்பு நகராது, கதவுச் சட்டத்தில் நெற்றியும் இடிக்கும். தலை தெற்கே ராயபுரம் பக்கம் போனால் இடுப்பு வடக்கே எண்ணூர் பக்கம் போகும், அவ்வளவுதான் சூத்திரம். ஒரே தாவலாக வேண்டாம். நாலைந்து சின்ன நகர்வு. ஒவ்வொரு தடவையும் உடம்பைக் கொஞ்சம் எம்பி நகர்த்துங்கள். தேய்த்து இழுத்தால் வெளியே காயம் தெரியாது, உள்ளே தோல் கிழியும்.

உதவியாளர் உங்களுக்கு முன்னால், முழங்கால் மடக்கி, பெல்ட்டின் பிடிகளைப் பிடித்து நிற்கட்டும். தன் முழங்கால்களால் உங்கள் முழங்கால்களுக்கு அணை கொடுக்கட்டும். இடமில்லை என்றால் ஓட்டுநர் இருக்கையில் மண்டியிட்டு உள்ளிருந்து பெல்ட்டைப் பிடிக்கலாம். அவர் வேலை வழிநடத்துவது, இழுப்பது இல்லை. உட்கார்ந்த பிறகு பலகையை எடுத்து, கால்களை ஒவ்வொன்றாக முழங்காலுக்கு அடியிலும் குதிகாலிலும் பிடித்து உள்ளே வைக்க வேண்டும். கடைசியாகக் கையை விட்டு அடியில் துணி சுருண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

வீல்சேர் டிக்கிக்குப் போகலாம். குஷன் போகக் கூடாது, அது எப்போதும் உங்கள் கூடவே.

யார் எண்ணுவது

நகர்கிறவர்தான் எண்ண வேண்டும். இதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று நான் சொல்லி மூன்றில்தான் அசைவு. உதவியாளர் எண்ணினால் அவர் அவசரம் என் முதுகில் ஏறும்.

உதவிக்கு வருகிறவர்களுக்கு நான் தயாராக வைத்திருக்கும் வசனம்: “அண்ணே, ரொம்ப நன்றி. தூக்க வேணாம். நீங்க இந்தச் சக்கரத்தை மட்டும் அசையாம புடிச்சுக்கங்க.” வேலை ஒன்று கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் திருப்தி, கூட்டமும் கலையும். இன்னொருவர் இருந்தால் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்று வண்டிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் முதுகு எனக்கு மறைப்பாகிவிடும்.

கூட வருகிறவர்களுக்கு: “அவங்களால நிக்க முடியுமா?” என்று யாராவது உங்களிடம் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். “அத்தையையே கேளுங்க” என்பான் அண்ணன் மகன். அதோடு கேட்கிறவரின் பார்வை கீழே, என்னிடம் வந்துவிடும்.

மாறவே தேவையில்லாத வண்டிகள்

விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் வந்த பிறகு என் முதல் தேர்வு அதுதான். லிஃப்டில் ஏறி, வீல்சேரில் உட்கார்ந்தபடியே விமான நிலையம் வரை ஒரே ரயிலில் போகலாம். பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் உள்ள இடைவெளியில் சின்னச் சக்கரம் சிக்கப் பார்க்கும், அதனால் பின்பக்கமாக, பெரிய சக்கரம் முதலில் போகும்படி ஏறுங்கள்.

2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனைக்கு வந்த 120 மின்சாரப் பேருந்துகளும் தாழ்தளப் பேருந்துகள்தான், சாய்தளம் உண்டு. நிறுத்தத்தில் நடைபாதையை ஒட்டி நின்றால் சுலபம். நடு ரோட்டில் நிறுத்திச் சாய்தளத்தைத் தரையில் இறக்கினால் செங்குத்தாகிவிடும், பின்னால் ஆள் இல்லாமல் ஏறாதீர்கள்.

விமானம்

பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் குறியீட்டில் மூன்று வகை: டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், தூரம் நடக்க மாட்டார், டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படியும் ஏற மாட்டார், டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கை வரை கொண்டுபோக வேண்டும். நமக்குக் கடைசி. சும்மா “வீல்சேர் வேணும்” என்று சொன்னால் முதல் வகையில் போட்டுவிட வாய்ப்புண்டு, விமானப் படிக்கட்டின் கீழே நின்று வாதாட வேண்டியிருக்கும்.

உள்ளே குறுகலான சேரில் கொண்டுபோவார்கள். நடைபாதை ஓரத்து ஆர்ம்ரெஸ்ட் தூக்க வராது என்பார்கள். பல விமானங்களில் அதன் அடியில், பின்பக்கக் கீல் அருகே ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். தடவிப் பாருங்கள், அழுத்தினால் மேலே தூக்கலாம். அதைத் தூக்க முடிந்தால் பலகையே போதும். முடியாவிட்டால் மட்டும்தான் இருவர் தூக்கும் முறை: நீங்கள் மார்பில் கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள், உயரமானவர் பின்னாலிருந்து அக்குள் வழியாகக் கை விட்டு உங்கள் முன்கைகளைப் பிடிக்கட்டும், மற்றவர் தொடைகளுக்கு அடியில். எண்ணுவது அப்போதும் நீங்கள்தான். உங்கள் வீல்சேரில் கழலும் பாகங்களைக் கழற்றிப் பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்தவர்கள் கேட்டதால் சேர்த்தவை

“எங்கள் சந்தில் கார் வராது, ஆட்டோதான்” என்று புளியந்தோப்பிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். கால் ஊன்ற முடிந்தவர்களுக்கு ஆட்டோ சரி. முடியாதவர்களுக்கு இரண்டு உதவியாளர் வேண்டும். இன்ஜினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லுங்கள். இருக்கை வீல்சேரைவிட உயரம், பலகை ஏற்றமாக நிற்கும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெல்ட்டைப் பிடிக்க, மற்றவர் முழங்காலுக்கு அணை. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. மேல் கம்பி தாழ்வு, தலை பத்திரம். என்னைக் கேட்டால், சந்து முடியும் வரை வீல்சேரிலேயே தள்ளிக்கொண்டு போய் மெயின் ரோட்டில் கார் ஏறுவேன்.

பக்கவாதம் வந்த அம்மாவைப் பற்றி ஒரு பெண் கேட்டார். பலமான பக்கம் முன்னால் போகும்படி ஏற்றுங்கள். அப்படி ஏற்றினால் அதே கதவில் இறங்கும்போது பலவீனமான பக்கம்தான் முன்னால் வரும், அதனால் கூடுதல் ஆள் தேவை இறங்கும்போதுதான். செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளிலும் கை விடாதீர்கள், தோள் மூட்டு நழுவும். மேலே சொன்ன இருவர் தூக்கும் முறையும் அவருக்கு ஆகாது.

யூரின் பை உள்ளவர்கள் நகர்வதற்கு முன் பையைக் காலி செய்து, டியூப் எங்கும் மாட்டவில்லை என்று பார்த்து, பையை முதலில் அந்தப் பக்கம் வையுங்கள். எப்போதும் அடிவயிற்று மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும்.

லாட்ஜ் புக் செய்கிறவர்கள் “வீல்சேர் வருமா?” என்று கேட்காதீர்கள், “வரும்” என்றுதான் சொல்வார்கள். உங்கள் வீல்சேரின் மொத்த அகலத்தை வெளிச்சக்கரம் முதல் வெளிச்சக்கரம் வரை அளந்துகொண்டு, பாத்ரூம் வாசலை டேப் வைத்து அளந்து அங்குலத்தில் சொல்லச் சொல்லுங்கள். கட்டிலின் உயரத்தையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.