நீலகிரி மலை ரயில்: பல்தண்டவாளத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு பயண வழிகாட்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை ரயிலில் ஏறுபவர்களில் பலர், பள்ளத்தாக்குகளையும் தேயிலைத் தோட்டங்களையும் பார்த்த நிறைவோடு இறங்கிவிடுகிறார்கள். 1891இல் வேலை தொடங்கி, 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டிய இந்த 46 கிலோமீட்டர் பாதையை யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கு அதன் பொறியியலே முக்கியமான காரணம். முதன்முறை செல்பவர்கள் அதையும் பார்த்துவிட்டு வர வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எந்தப் பகுதியில் பயணம் செய்வது என்பதை முடிவு செய்யுங்கள். குன்னூர்–உதகை இடையே ரயில்கள் அதிகம். ஆனால் அங்கு டீசல் என்ஜின்தான், என்ஜின் பற்றிக்கொண்டு ஏறுவதற்காகப் பாதையின் நடுவே பதிக்கும், பற்கள் கொண்ட பல்தண்டவாளமும் இல்லை. ஆகவே மேட்டுப்பாளையத்தில் காலையில் புறப்படும் ரயிலுக்கே, முன்பதிவு தொடங்கியவுடன் சீட்டு எடுத்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் ரயில் அடிக்கடி ரத்தாகும் என்பதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தவிர்ப்பது நல்லது.

அடுத்து, புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே நடைமேடைக்கு வந்து, ரயிலின் பின்பக்கம் செல்லுங்கள். என்ஜின் அங்கேதான் இருக்கும். மேலேறும்போது அது பெட்டிகளை இழுப்பதில்லை, தள்ளுகிறது. ஏற்றத்தில் இணைப்பு அறுந்தால் பெட்டிகள் தனியே பின்னோக்கி ஓடிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்மேன் நிற்பதையும் கவனியுங்கள்.

கல்லாறு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ரயில் வேகம் குறைந்து, அடியில் ஒரு கடகடப்பு கேட்கும். என்ஜினின் பல்சக்கரம் பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் கணம் அது. இங்கிருந்து சில இடங்களில் 12.5 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவுக்கு ஏற்றம் இருப்பதால், வழவழப்பான தண்டவாளத்தில் சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். இதற்காகச் சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் வகுத்த முறைப்படி, இரண்டு பல்சட்டங்களைப் பாதையின் நடுவே அருகருகே பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வரும். அதனால் பல்சக்கரத்தின் பிடி எந்தக் கணமும் விட்டுப்போவதில்லை.

தண்ணீர் பிடிக்க ரயில் நிற்கும் ஹில்குரோவ் நிலையத்தில் இறங்கி, என்ஜினைப் பக்கவாட்டில் பாருங்கள். (உணவுப் பொட்டலத்தைக் கையில் வைத்திருக்க வேண்டாம், குரங்குகள் பறித்துவிடும்.) ஒவ்வொரு பக்கத்திலும், நீராவி உள்ளே புகுந்து தண்டை முன்னும் பின்னும் தள்ளும் உருளைகளான சிலிண்டர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இருக்கும். கீழ்ச் சிலிண்டர் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அதில் வேலை செய்து வெளியேறும் நீராவியே மேல் சிலிண்டருக்குச் சென்று பல்சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஒரே நீராவியை இருமுறை வேலை வாங்கும் இந்த அமைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் உருவான இந்த வகை என்ஜின்களைப் பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகக் கட்டினார்கள்.

குன்னூருக்குச் சற்று முன் பல்தண்டவாளம் முடிந்துவிடும். நிலையத்தில் நீராவி என்ஜினைக் கழற்றி டீசல் என்ஜினை மாட்டுவார்கள். அந்த இடைவேளையில் தேநீருக்கு ஓடாமல், கழன்று நகரும் என்ஜினின் அருகே, ஊழியர்கள் அனுமதிக்கும் தொலைவில் நின்று பாருங்கள். கீழ்ச் சிலிண்டரின் தண்டு மட்டும் முன்னும் பின்னும் அசைய, மேல் சிலிண்டர் ஓய்வில் இருக்கும்.