சாயம் வெளுக்கும் டிஸ்க்: காலத்துக்கும் வைத்திருக்க சிடி, டிவிடி வாங்குவோர் செய்யும் தவறுகள்

அக்கா கல்யாணம் 2006-ல் நடந்தது. ஸ்டுடியோக்காரர் ஆல்பத்தோடு ஒரு டிவிடி கொடுத்தார். பளபளக்கும் பெட்டி, டிஸ்க்கின் மேல் மணமக்கள் படம் போட்ட வட்ட ஸ்டிக்கர். நாலைந்து தடவை போட்டுப் பார்த்துவிட்டு, பட்டுப்புடவைகளோடு பீரோவுக்குள் வைத்துவிட்டோம்.

எட்டு வருஷம் கழித்து அக்கா மகள் “அம்மா கல்யாணத்தைப் பார்க்கணும்” என்று கேட்டாள். மாப்பிள்ளை அழைப்பு நன்றாக ஓடியது. நலங்கும் ஓடியது. முகூர்த்தம் நெருங்க நெருங்க டிரைவ் கர்... கர்... என்று திணற ஆரம்பித்தது. தாலியைத் தட்டில் வைத்து ஆசி வாங்கச் சுற்றிவரும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

ஏன் சரியாக அந்த இடத்தில் நின்றது என்பது எனக்குப் புரியச் சில வருஷம் ஆனது. டிஸ்க் விஷயத்தில் நாம் கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்து வாங்குகிறோம், கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்தே நல்லது கெட்டதையும் முடிவு செய்கிறோம். அது கெடுவதோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

பெட்டியில் இருக்கும் பெயர்

முதல் தவறு, பெட்டியின் மேல் உள்ள பெயரை நம்புவது. அரிசி மூட்டையில் அச்சடித்த பெயருக்கும் அரிசி அரைத்த மில்லுக்கும் என்ன உறவோ, அதேதான் டிஸ்க்கிலும். பெயர் ஒருவருடையது, தொழிற்சாலை வேறு ஒருவருடையது. 2000-களில் உலகத்துக்கே பிளாங்க் டிஸ்க் செய்து கொடுத்தவர்கள் சில பேர்தான்: ஜப்பானில் தையோ யூடன், மிட்சுபிஷி கெமிக்கல், தைவானில் சிஎம்சி மேக்னெடிக்ஸ், ரைடெக், இந்தியாவில் மோசர் பேயர். ஆமாம், 28 ரூபாய்க்குத் தமிழ் சினிமா விசிடி விற்ற அதே மோசர் பேயர்தான். ஒரே பிராண்டின் 50 டிஸ்க் அடங்கிய கேக் பாக்ஸை இந்த மாதம் ஒரு தொழிற்சாலையும் அடுத்த மாதம் இன்னொன்றும் செய்திருக்கலாம். பெட்டியைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

யார் செய்தது என்று டிஸ்க்கிடமே கேட்கலாம். ஒவ்வொரு பிளாங்க் டிஸ்க்கிலும் தயாரிப்பாளரின் அடையாளக் குறி பதிந்திருக்கும். இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருளைத் திறந்து டிஸ்க்கைப் போட்டால் வலப்பக்கக் கட்டத்தில் அது வந்துவிடும். எம்சிசி (MCC) என்று தொடங்கினால் மிட்சுபிஷி, டிஒய்ஜி (TYG) என்றால் தையோ யூடன், சிஎம்சி மேக் (CMC MAG) என்றால் சிஎம்சி. அதனால் ஒரு பெட்டி வாங்கி, ஒன்றைப் போட்டுக் குறியைப் பார்த்துவிட்டு, அப்புறம் மொத்தமாக வாங்குங்கள். போலிகள் இந்தக் குறியையும் திருடியதுண்டு, குறிப்பாகத் தையோ யூடன் குறியை. அதனால் குறி சரியாக இருந்தாலும் எழுதிச் சோதித்துப் பார்க்கும் வேலை மிச்சம் இருக்கிறது.

பத்து வருஷத்துக்கு முந்தைய அறிவுரையை வைத்துக்கொண்டு கடைக்குப் போவதும் இதே வகைத் தவறுதான். “தையோ யூடன் வாங்கு, கண்ணை மூடிக்கொண்டு வை” என்று ஒரு காலத்தில் நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த நிறுவனம் 2015-ல் டிஸ்க் தொழிலை விட்டுவிட்டது. வெர்பாட்டிம் என்ற தன் டிஸ்க் பிராண்டை மிட்சுபிஷி 2019-ல் சிஎம்சிக்கு விற்றுவிட்டது. மோசர் பேயர் கடனில் மூழ்கி, 2018-ல் கலைப்பு உத்தரவு வாங்கியது. பெயர்களில் சில இன்னும் கடையில் இருக்கின்றன. பின்னால் இருந்த கைகள் மாறிவிட்டன.

சாயம்

“எங்கள் வீட்டில் 1998-ல் வாங்கிய பாட்டு சிடி இன்னும் பாடுகிறதே” என்பார்கள். அது அச்சில் வார்த்த சிடி. பள்ளங்களும் மேடுகளும் பிளாஸ்டிக்கிலேயே பதிந்தவை. நாம் வீட்டில் பர்ன் செய்யும் டிஸ்க்கில் பள்ளம் ஏதும் இல்லை. ஒரு மெல்லிய சாயப் பூச்சு இருக்கிறது. லேசர் அந்தச் சாயத்தைப் பொட்டுப் பொட்டாகச் சுடுகிறது. சுட்ட இடம், சுடாத இடம் என்ற வித்தியாசம்தான் உங்கள் கோப்பு. வெயிலும் சூடும் ஈரமும் சாயத்தை வெளுக்க வைத்தால் அந்த வித்தியாசம் மங்கும். துணிச் சாயத்துக்கு நடப்பதேதான்.

ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய சிடியான சிடி-ஆரில் மூன்று சாயங்கள் புழங்கின. தையோ யூடன் பயன்படுத்திய சயனின், மிட்சுபிஷியின் கருநீல ஏசோ, மிட்சுயி கொண்டுவந்த தாலோசயனின். வெளிச்சத்தைத் தாங்குவதில் மூன்றாவது கெட்டி, முதலாவது பலவீனம். சாயத்துக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிப் பூச்சு பெரும்பாலும் வெள்ளி. வெள்ளிக் கொலுசு எப்படிக் கறுக்கிறதோ, காற்றில் உள்ள கந்தகம் பட்டால் இதுவும் அப்படித்தான். தங்கம் கறுக்காது. அதனால்தான் ஆவணக் காப்பகங்கள் தாலோசயனினும் தங்கமும் சேர்ந்த சிடியைத் தேடி வாங்கின. இதைக் கேள்விப்பட்டவர்கள் பொன்னிறமாக இருப்பதையெல்லாம் வாங்கினார்கள். மேலே பூசிய மஞ்சள் மையும் பொன்னிறம்தான்! பெட்டியில் தங்கப் பூச்சு என்று தெளிவாக எழுதியிருக்காவிட்டால் நிறத்துக்காக ஒரு ரூபாய்கூடக் கூடக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது “100 ஆண்டு உத்தரவாதம்”. நூறு வருஷம் யாரும் வைத்துப் பார்க்கவில்லை. டிஸ்க்கை அதிகச் சூட்டிலும் ஈரத்திலும் வாரக்கணக்கில் வேகவைத்து, பிழைகள் எவ்வளவு வேகமாகக் கூடுகின்றன என்று அளந்து, அதிலிருந்து சாதாரண அறைக்குக் கணக்குப் போடுகிறார்கள். முறை சரியானதுதான், ஐஎஸ்ஓ/ஐஇசி 16963 என்று அதற்குத் தரநிலையே உண்டு. ஆனால் எந்த அறை என்று பாருங்கள். கட்டுப்பாடான சூழலுக்கு அந்தத் தரநிலை எடுத்துக்கொள்ளும் உதாரணம் 25 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம். கடுமையான சூழல் என்று அது சொல்வது 30 டிகிரி, 80 சதவீதம். சென்னையில் அதற்குப் பெயர் புரட்டாசி மாதம். பெட்டியில் போட்டிருக்கும் வருஷக் கணக்கு நம் ஊர் வீட்டுக்குப் போட்டதல்ல.

ப்ளூ-ரேயிலும் ஒரு கண்ணி

இன்று புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய ப்ளூ-ரேயான பிடி-ஆர்தான். வழக்கமான பிடி-ஆரில் கரிமச் சாயமே கிடையாது, கனிமப் பூச்சு. வெளிச்சத்துக்குப் பெரிதாக அசையாது. மலிவாகத் தயாரிப்பதற்காக இதிலும் சாயம் போட்ட ரகம் ஒன்று வந்தது, அதன் பெயர் எல்டிஎச் (LTH). பெட்டியின் ஓரத்தில் அந்த மூன்று எழுத்து சின்னதாக இருக்கும். இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பழைய டிவிடி வாங்கியதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

எம்-டிஸ்க் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மில்லெனியாட்டா நிறுவனம் கொண்டுவந்தது. கல்போல் கெட்டியான பூச்சு, 1000 ஆண்டு தாங்கும் என்ற விளம்பரம். அந்த நிறுவனமே 2016-ல் திவாலானது. டிவிடி அளவிலான எம்-டிஸ்க் உண்மையிலேயே சாதாரண டிவிடியை விட மேல், எழுதத்தான் அதற்கென்று பலமான லேசர் உள்ள டிரைவ் வேண்டும். ப்ளூ-ரே அளவுக்கு வரும்போது, சாதாரண பிடி-ஆரே கனிமப் பூச்சுதான் என்பதால், கூடுதல் விலைக்கு எவ்வளவு கூடுதல் ஆயுள் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தப் பணத்துக்கு நான் இரண்டாவது பிரதி எழுதுவேன். அதுவும் 25 ஜிபி ஒற்றை அடுக்கில். 50, 100 என்று அடுக்கு ஏற ஏற ஒன்றின் வழியாக இன்னொன்றைப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆர்டபிள்யூ டிஸ்க்குகளைச் சேமிப்புக்கு வாங்கவே வேண்டாம். அழித்து எழுத வசதியாகச் செய்தது அழியாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எழுதும்போது

இப்போது அந்தக் கல்யாண டிவிடிக்கு வருகிறேன். டிவிடியில் எழுத்து உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பு நோக்கிப் போகும். ஸ்டுடியோவில் ஒரே டிஸ்க்கில் எல்லாம் அடங்க வேண்டும் என்று விளிம்பு வரை நிரப்பியிருந்தார்கள். 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் கணினிக் கணக்கில் 4.37, அதில் கடைசிச் சொட்டு வரை. அவசரத்தில் 16எக்ஸ் வேகம் வேறு. அந்த வேகம் டிஸ்க் முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை, விளிம்பை நெருங்கும்போதுதான் உச்சத்தைத் தொடும். இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்தது டிவிடி. ஒட்டு பிரியத் தொடங்குவதும் ஈரம் நுழைவதும் அதே விளிம்பில். ஆக, அவசரமாக எழுதிய இடமும் முதலில் கெடும் இடமும் ஒன்று. முகூர்த்தம் அங்கேதான் இருந்தது.

அதனால் டிவிடியில் 4 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைத்தால் நல்லது என்று 1எக்ஸ், 2எக்ஸுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தப்பு. 16எக்ஸுக்கென்று கலந்த சாயத்தை நெடுநேரம் சுட்டால் பொட்டு கலங்கும். 16எக்ஸ் டிஸ்க்குக்கு 8எக்ஸ் வாக்கில் சரியாக இருக்கும்.

எழுதி முடித்ததும் டிஸ்க்கைப் போட்டுப் பார்ப்போம், திறக்கும், “ஓகே” என்று வைத்துவிடுவோம். எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான் என்பேன். எந்தப் புது டிஸ்க்கிலும் ஆயிரக்கணக்கில் பிழைகள் இருக்கும். டிரைவுக்குள் இருக்கும் பிழைதிருத்தக் கணக்கு அவற்றைச் சத்தமில்லாமல் சரிசெய்துகொண்டே போகிறது. நமக்குத் தெரிவது இறுதி விடை மட்டும். 10 பிழை இருந்தாலும் டிஸ்க் திறக்கும், 270 இருந்தாலும் திறக்கும். டிவிடிக்கு, அடுத்தடுத்த எட்டுத் தகவல் தொகுதிக்கு 280 பிழை என்பது தரநிலை வைத்த வரம்பு. வரம்புக்குக் கிட்டே பிறந்த டிஸ்க் அடுத்த வருஷமே தாண்டிவிடலாம். சிடிக்கு வரம்பு நொடிக்கு 220 பிழை.

இதை அளக்க நீரோ டிஸ்க்ஸ்பீடு, ஆப்டி டிரைவ் கன்ட்ரோல், லினக்ஸில் க்யூபிஎக்ஸ்டூல் என்று மென்பொருள்கள் உண்டு. எல்லா டிரைவும் இந்தக் கணக்கை வெளியே சொல்லாது. சொல்லாவிட்டால் படிக்கும் வேகத்தின் வரைபடத்தையாவது எடுங்கள். நல்ல டிஸ்க்கில் கோடு வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். இடையில் பள்ளம் விழுந்தால் அந்த இடத்தில் டிரைவ் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறது என்று அர்த்தம். புத்தம் புது டிஸ்க்கில் பள்ளம் தெரிந்தால் குப்பைக்கூடை. விலை பார்க்காதீர்கள்.

ஸ்டிக்கர், பேனா, பீரோ

ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. ஒரு மயிரிழை தள்ளி ஒட்டினாலும் சுற்றும்போது டிஸ்க் ஆடும். வருஷங்கள் போகப் போகப் பசை சுருங்கி இழுக்கும். சிடியில் இன்னும் மோசம். அதன் தகவல் அடுக்கு பெயர் எழுதும் பக்கத்துக்கு அடியில், ஒரு மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழேதான் இருக்கிறது. பளபளக்கும் பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதுவோம்! நீர் மை மார்க்கர் போதும், அதுவும் நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிவான வளையத்தில்.

அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி 2003-ல் வெளியிட்ட கையேடு, டிஸ்க்கை நிமிர்த்தி, 4 முதல் 20 டிகிரிக்குள், 20 முதல் 50 சதவீத ஈரத்தில் வைக்கச் சொல்கிறது. நம் வீட்டில் அது நடக்காது. நடக்கக்கூடியதைச் செய்வோம்: தனித்தனிக் கெட்டிப் பெட்டி, நிமிர்த்தி அடுக்குவது, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல், வெயில் படாத உள்சுவர் அலமாரி. பீரோவில் துணிகளோடு வேண்டாம். அங்கே அந்துருண்டை இருக்கும், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். ஈரத்தைச் சும்மா நினைக்க வேண்டாம். 2001-ல் மத்திய அமெரிக்காவின் பெலீஸில் ஒரு சிடியின் பூச்சையே பூஞ்சை தின்றிருந்ததைக் கண்டுபிடித்தார்கள்.

டிஸ்க் இருக்கும், டிரைவ்?

பானசோனிக் 2023-லும் சோனி 2025 பிப்ரவரியிலும் எழுதக்கூடிய ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்திவிட்டன. லேப்டாப்பில் டிரைவ் வருவது எப்போதோ நின்றுபோயிற்று. டிஸ்க்கில் சேமிப்பவர்கள் ஒரு நல்ல டிரைவையும் கூடவே வாங்கி வைக்க வேண்டிய காலம் இது. முடிந்தால் இரண்டு. ஒரே பெட்டியிலிருந்து இரண்டு பிரதி எழுதுவதை விட, வெவ்வேறு தொழிற்சாலையின் டிஸ்க்கில் ஒவ்வொன்று எழுதி, ஒன்றை வேறு ஊரில் உறவினர் வீட்டில் வையுங்கள். மூன்றாவது பிரதி ஹார்ட் டிஸ்க்கில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து அதே வரைபடத்தைப் போட்டுப் பழையதோடு ஒப்பிட்டால், சாயம் வெளுப்பது திறக்காமல் போவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அக்கா டிவிடியை நான் விடவில்லை. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும் என்பதால், நண்பர் கடையில் கிடந்த பழைய டெஸ்க்டாப் டிரைவை வாங்கி வந்து, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற தகவல் மீட்பு மென்பொருளைப் போட்டு இரண்டு இரவு ஓடவிட்டேன். கடைசிச் சில நிமிஷங்களில் பாதிக்கு மேல் கிடைத்தது. தாலி கட்டும் இடத்தில் படம் இன்னும் கட்டம் கட்டமாகத்தான் இருக்கிறது. கெட்டிமேளம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது.