ஜனநாயகக் கட்சி 2026-ல் ஜெயிக்குமா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

அமெரிக்காவில் 2026 நவம்பர் 3-ம் தேதி இடைக்காலத் தேர்தல். "இந்தத் தடவை ஜனநாயகக் கட்சி எழுந்து வருமா?" என்று என்னிடம் கேட்காத நண்பர்கள் குறைவு. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு மகனோ மருமகளோ அங்கே வேலையில் இருக்கிறார்கள். எச்-1பி விசாவுக்கு வருடத்துக்கு 65,000, அங்கேயே மேல்படிப்பு முடித்தவர்களுக்கு இன்னொரு 20,000 என்ற உச்சவரம்பு, கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற கட்டுப்பாடு, இதெல்லாம் அங்குள்ள நாடாளுமன்றம் போட்ட சட்டம். அதிபர் மட்டும் நினைத்தால் மாறாது. அதனால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை அதிபர் தேர்தலை மட்டும் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு நடுவில் வரும் இந்தத் தேர்தலை விட்டுவிடுவது சரியில்லை என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். ஜனநாயகக் கட்சியை வைத்துச் சொல்கிறேன், குடியரசுக் கட்சிக்கும் இதே முறைதான்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் இடைக்காலத் தேர்தல் என்றால் சபை பாதியில் கலைந்து முன்கூட்டியே வருவது, 1971-ல் மக்களவைக்கு நடந்தது போல. அமெரிக்காவில் சபை கலையவே கலையாது. அதிபரின் நான்கு வருடப் பதவிக்காலத்தின் நடுவில், தேதி தவறாமல் வருவதால் அந்தப் பெயர். எம்.பி. இறந்தோ ராஜினாமா செய்தோ காலியாகும் இடத்துக்கு நடப்பது இடைத்தேர்தல், அது வேறு. இரண்டுமே கீழே வரும், மாற்றிப் படித்துவிடாதீர்கள்.

படி 1: எத்தனை வேண்டும் என்று எழுதுங்கள்

பிரதிநிதிகள் சபையில் 435 இடம். பெரும்பான்மைக்கு 218. 2024 தேர்தலில் குடியரசுக் கட்சி 220, ஜனநாயகக் கட்சி 215. ஆக, தேவை 3 இடம். செனட்டில் மொத்தம் 100. அங்கே குடியரசுக் கட்சிக்கு 53, எதிர்த்தரப்புக்கு 47. 50-50 என்று சமமானால் துணை அதிபர் வான்ஸின் வாக்கு முடிவு செய்யும், அவர் குடியரசுக் கட்சி. அதனால் ஜனநாயகக் கட்சிக்கு 51 வேண்டும், அதாவது கூடுதலாக 4.

நோட்டின் மேல் பக்கத்தில் பெரிதாக 3, 4 என்று எழுதி வட்டம் போடுங்கள். இனிப் பார்க்கும் ஒவ்வொரு செய்தியையும் இந்த இரண்டு எண்களோடு பொருத்தித்தான் படிக்க வேண்டும்.

படி 2: பழைய கணக்கைப் பாருங்கள்

அதிபரின் கட்சி இடைக்காலத் தேர்தலில் அடி வாங்கும். இது கிட்டத்தட்ட விதி. 1994-ல் கிளிண்டன் காலத்தில் ஜனநாயகக் கட்சி சபையில் 54 இடம் இழந்தது, 2010-ல் ஒபாமா காலத்தில் 63. 2018-ல் டிரம்பின் முதல் ஆட்சியில் குடியரசுக் கட்சி இழந்தது ஏறக்குறைய 40. 1934-லிருந்து எடுத்துக்கொண்டால் அதிபரின் கட்சி சபையில் இடம் கூட்டியது மூன்றே தடவை: 1934, 1998, 2002. பொருளாதாரச் சரிவிலிருந்து ரூஸ்வெல்ட் நாட்டைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த வருடம் ஒன்று, கிளிண்டன் மீதான பதவிநீக்க முயற்சி மக்களுக்குப் பிடிக்காமல் போன வருடம் ஒன்று, செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அடுத்த வருடம் ஒன்று.

இந்த ஒரு வரியை வைத்துப் பார்த்தால் ஜனநாயகக் கட்சிக்கு 3 இடம் கிடைப்பது சுலபம். ஆனால் இதோடு நோட்டை மூடினால் தப்பு நடக்கும். 2022-ல் எனக்கு நடந்தது அதுதான். பைடனுக்கு ஆதரவு 40 சதவீதத்தையொட்டி இருந்தது, ஜூன் மாதப் பணவீக்கம் 9.1 சதவீதம், எல்லாச் சேனலிலும் "சிவப்பு அலை" என்றார்கள் (அங்கே சிவப்பு குடியரசுக் கட்சியின் நிறம், நீலம் ஜனநாயகக் கட்சியின் நிறம்). குடியரசுக் கட்சிக்கு 30 இடம் கூடும் என்று எழுதி அடிக்கோடு போட்டேன். கூடியது 9. செனட்டில் ஜனநாயகக் கட்சி ஓர் இடம் கூட்டியது. அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை, எங்கே விட்டேன் என்று தேடியதில்தான் கீழே உள்ள படிகள் பிறந்தன.

படி 3: அதிபரின் மதிப்பெண்

அதிபரின் செயல்பாடு பிடித்திருக்கிறது என்று சொல்பவர்கள் எத்தனை சதவீதம்? 1998-ல் கிளிண்டனுக்கு 66, 2002-ல் புஷ்ஷுக்கு 63. இருவரும் தப்பித்தார்கள். 2006-ல் அதே புஷ் 38-க்கு இறங்கினார், இரண்டு சபையும் கைவிட்டுப் போனது. ஒபாமா 2010-ல் 45. பொதுவாக 50-க்குக் கீழே போனால் அதிபரின் கட்சிக்குச் சேதம் உண்டு, எவ்வளவு என்பதுதான் கேள்வி. இன்றைய எண்ணை எழுதுங்கள். ஒரு நிறுவனத்தின் கணிப்பை மட்டும் நம்பாமல், பல கணிப்புகளின் சராசரியை எடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும், தினமும் பார்த்தால் தலைவலிதான் மிச்சம்.

படி 4: "எந்தக் கட்சிக்கு ஓட்டு?" என்ற பொதுக் கேள்வி

வேட்பாளர் பெயரே சொல்லாமல், உங்கள் தொகுதியில் எந்தக் கட்சிக்குப் போடுவீர்கள் என்று கேட்கும் கருத்துக்கணிப்பு இது. நாடு முழுக்கக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும். 2018-ல் சபைத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி நாடு தழுவிய வாக்கில் 8.6 புள்ளி முன்னால் இருந்தது. 2022-ல் குடியரசுக் கட்சி 2.8 புள்ளி முன்னால். 40 இடத்துக்கும் 9 இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இங்கேயே தெரிகிறது, இல்லையா?

கணிப்பில் "பதிவு செய்த வாக்காளர்" என்று போட்டிருக்கிறதா, "வாக்களிக்க வாய்ப்புள்ளவர்" என்று போட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். இடைக்காலத் தேர்தலில் ஓட்டுப் போட வருபவர்கள் குறைவு. 2014-ல் தகுதியுள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம்தான் அதிகம், 2018-ல் அதுவே பாதியளவுக்குப் போனது. யார் கிளம்பி வருகிறார்கள் என்பதே பாதித் தேர்தல்.

படி 5: எட்டும் தொகுதி எத்தனை?

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். நான் 2022-ல் விட்டது இதைத்தான். காற்று எவ்வளவு பலமாக அடித்தாலும், விழும் நிலையில் இருக்கும் மரம்தான் விழும்.

2012-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க ஜனநாயகக் கட்சி எம்.பி. வேட்பாளர்களுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் கூடுதல் ஓட்டு. சபை யாருக்கு? குடியரசுக் கட்சிக்கு 234, ஜனநாயகக் கட்சிக்கு 201. தொகுதிகளின் எல்லைக்கோடு அப்படி விழுந்திருந்தது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் கோடு போடுவதே மாநிலச் சட்டமன்றம்தான், அதாவது ஆளும் கட்சி.

ஒவ்வொரு தொகுதிக்கும் குக் அரசியல் அறிக்கை என்ற தேர்தல் ஆய்வு வெளியீடு ஒரு சாய்வு எண் தருகிறது. டி+5 என்றால் அதிபர் தேர்தல்களில் அந்தத் தொகுதி நாட்டின் சராசரியை விட 5 புள்ளி ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தது, ஆர்+5 என்றால் குடியரசுப் பக்கம். டி+5-க்கும் ஆர்+5-க்கும் இடையில் உள்ளவற்றை மட்டும் தனியாகப் பிரித்தெழுதுங்கள். 435 என்று மலைக்க வைத்த பட்டியல் சில பத்துகளுக்குச் சுருங்கிவிடும். மற்றதெல்லாம் கோட்டைகள், அவற்றைப் பார்த்து நேரம் வீணாக்க வேண்டாம்.

அப்புறம் இன்னொரு பட்டியல். 2024-ல் கமலா ஹாரிஸ் ஜெயித்த தொகுதிகளில் குடியரசுக் கட்சி எம்.பி. இருப்பது மூன்றே இடத்தில்: நியூயார்க்கில் மைக் லாலர், பென்சில்வேனியாவில் பிரையன் ஃபிட்ஸ்பேட்ரிக், நெப்ராஸ்காவில் டான் பேகன். டிரம்ப் ஜெயித்த தொகுதிகளில் ஜனநாயகக் கட்சி எம்.பி.க்களோ 13 பேர். 3 இடம் தேவைப்படும் கட்சி, அதற்கு முன்னால் இந்த 13-ஐயும் காப்பாற்ற வேண்டும்.

இந்த மூன்றில் நெப்ராஸ்காவின் ஒமாஹா தொகுதியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். நெப்ராஸ்கா முழுக்கச் சிவப்பு மாநிலம், ஆனால் அதிபர் தேர்தலில் அந்த மாநிலம் தொகுதிவாரியாகவும் வாக்குப் பிரிக்கும். அதனால் ஒமாஹாவுக்குத் தனி மதிப்பு. 2024-ல் அங்கே வீட்டுப் புல்வெளிகளில் வெள்ளை அட்டையில் ஒரு நீல வட்டம் மட்டும் வரைந்து நட்டு வைத்திருந்தார்கள், வேட்பாளர் பெயர் கிடையாது, கட்சிப் பெயர் கிடையாது. சிவப்பு மாநிலத்துக்குள் நாங்கள் நீலப் புள்ளி என்று சொல்வதுதான் அது. ஹாரிஸ் அங்கே ஜெயித்தார், ஆனால் அதே நாளில் அதே மக்கள் பேகனையும் ஜெயிக்க வைத்தார்கள். பேகன் இந்தத் தடவை நிற்கப்போவதில்லை என்று 2025-லேயே அறிவித்துவிட்டார். சிட்டிங் எம்.பி.யின் சொந்தச் செல்வாக்கு போய், வெறும் சாய்வு மட்டும் மிஞ்சும்போது ஜனநாயகக் கட்சி முதலில் குறி வைப்பது இப்படிப்பட்ட இடத்தைத்தான். உங்கள் பட்டியலில் யார் யார் ஒதுங்குகிறார்கள் என்று பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

இதற்கு நடுவில் கோடுகளே நகர்ந்துவிட்டன. வழக்கமாகத் தொகுதி மறுவரையறை பத்து வருடத்துக்கு ஒருமுறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு. 2025 ஆகஸ்ட்டில் டெக்சாஸ் நடுவிலேயே புது வரைபடம் போட்டது, குடியரசுக் கட்சிக்கு 5 இடம் கூட்டும் குறியோடு. பதிலுக்கு கலிஃபோர்னியா நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு வைத்து, ஜனநாயகக் கட்சிக்கு 5 இடம் கூட்டும் வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கியது. மிசௌரி, வட கரோலினாவும் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக மாற்றின. இந்தியானாவில் அப்படி ஒரு முயற்சியை மாநிலச் செனட்டில் இருக்கும் குடியரசுக் கட்சியினரே பலர் சேர்ந்து தோற்கடித்தார்கள். மறுவரையறை என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு வரும் கவலை அங்கேயும் சாதாரண மக்களுக்கு இருக்கிறது: நான் ஓட்டுப் போடும் முன்பே என் ஓட்டின் மதிப்பை யாரோ அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்களே என்ற கவலை. என் மனதுக்கு இது யார் செய்தாலும் தவறுதான். ஆனால் கணக்குக்கு வரும்போது மாநிலவாரியாகக் கூட்டல் கழித்தல் போட்டே ஆக வேண்டும். நீதிமன்ற வழக்குகளால் வரைபடம் மாறலாம், அதனால் இந்தப் பக்கத்தைப் பென்சிலில் எழுதுங்கள்.

படி 6: இடைத்தேர்தல்களை வித்தியாசத்தில் படியுங்கள்

யார் ஜெயித்தார் என்பதைப் பார்க்காதீர்கள், எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். 2025 டிசம்பரில் டென்னசி 7-வது தொகுதியில் இடைத்தேர்தல். குடியரசுக் கட்சி ஜெயித்தது, சுமார் 9 புள்ளியில். தலைப்புச் செய்தி அதோடு முடிந்தது. ஆனால் ஒரு வருடம் முன்பு டிரம்ப் அங்கே 22 புள்ளியில் ஜெயித்திருந்தார். 22-லிருந்து 9 போக 13. அந்த 13-தான் நீங்கள் எழுத வேண்டிய எண். இப்படி ஐந்தாறு தேர்தல் சேர்ந்தால் திசை தெரியும்.

2022-ல்கூட இந்தக் குறி தெரிந்தது. கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஜூனில் வந்தது, ஆகஸ்ட்டில் நியூயார்க்கிலும் அலாஸ்காவிலும் இடைத்தேர்தல்களை ஜனநாயகக் கட்சி ஜெயித்தது. நான் பார்க்கத் தவறினேன்.

ஆனால் இதையே முழுதாக நம்பவும் கூடாது. 2023-லும் ஜனநாயகக் கட்சி இடைத்தேர்தல்களில் நன்றாகவே செய்தது, 2024-ல் அதிபர் பதவியை இழந்தது. அக்கட்சிக்கு இப்போது வாய்ப்பது படித்த, தவறாமல் ஓட்டுப் போடும் வாக்காளர்கள். கூட்டம் குறைந்தால் அவர்கள் பலம் கூடுதலாகத் தெரியும். நகர்வைப் பாதியாக்கி எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

படி 7: செனட்டுக்குத் தனிப் பக்கம்

சபைக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். 2018-ல் சபையில் 40 இடம் கூட்டிய அதே நாளில் ஜனநாயகக் கட்சி செனட்டில் 2 இடம் இழந்தது. மூன்றில் ஒரு பங்குதான் ஒரு தடவைக்குத் தேர்தலுக்கு வரும், எந்த மாநிலங்கள் வருகின்றன என்பதுதான் எல்லாம்.

இந்தத் தடவை 35 இடம். அதில் 22 குடியரசுக் கட்சியுடையது, 13 ஜனநாயகக் கட்சியுடையது. கேட்டால் நன்றாக இருக்கிறது. ஆனால் ஹாரிஸ் ஜெயித்த மாநிலத்தில் நிற்கும் குடியரசு செனட்டர் ஒருவர்தான், மேய்ன் மாநிலத்தின் சூசன் காலின்ஸ். குடியரசு செனட்டர் டில்லிஸ் மறுபடி நிற்காமல் விலகியதால் வட கரோலினா திறந்து கிடக்கிறது, முன்னாள் ஆளுநர் ராய் கூப்பர் அங்கே ஜனநாயகக் கட்சிக்கு நல்ல ஆள். இரண்டும் கிடைத்தாலும் 49. மீதி இரண்டுக்கு ஓஹையோ, அயோவா, டெக்சாஸ், அலாஸ்கா என்று டிரம்ப் தாராளமாக ஜெயித்த ஊர்களுக்குப் போக வேண்டும். ஓஹையோவில் முன்னாள் செனட்டர் ஷெராட் பிரவுன் மறுபடி நிற்கிறார், அவருக்குத் தொழிலாளர்களிடம் பழைய மரியாதை இருக்கிறது. அதே நேரம் ஜார்ஜியாவில் தன் செனட்டர் ஆசாஃபையும், தன் செனட்டர் விலகும் மிச்சிகனையும் ஜனநாயகக் கட்சி காப்பாற்ற வேண்டும்.

படி 8: வேட்பாளரும் பணமும்

2022-ல் ஜார்ஜியா, பென்சில்வேனியா இரண்டிலும் குடியரசுக் கட்சி அனுபவமில்லாத பிரபலங்களை நிறுத்தி இழந்தது, அதனால் ஆளைப் பாருங்கள். பணத்தை ஓரளவுக்கு மேல் நம்ப வேண்டாம். 2020-ல் காலின்ஸை எதிர்த்தவர் அவரைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் வசூலித்தார், கருத்துக்கணிப்புகளிலும் முன்னால் இருந்தார். காலின்ஸ் 8 புள்ளிக்கு மேல் ஜெயித்தார்.

படி 9: ஒரு எண் எழுதாதீர்கள், மூன்று எழுதுங்கள்

காற்று சாதகமாக இருந்தால், நடுத்தரமாக இருந்தால், அடங்கிப்போனால் எத்தனை இடம் என்று மூன்று எண்ணும் பக்கத்தில் தேதியும். என் நோட்டில் இப்போது சபை ஜனநாயகக் கட்சிப் பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்கிறது, மூன்றில் இரண்டு எண்கள் 218-ஐத் தாண்டுகின்றன. செனட்டில் ஓர் எண் மட்டும்தான் 51-ஐத் தொடுகிறது, அதுவும் எல்லாம் கூடி வந்தால்.

வாக்கு எண்ணும் நாளில் நமக்கு நவம்பர் 4 காலை. 5.30-க்கு ஜார்ஜியாவில் வாக்குப்பதிவு முடியும், 6 மணிக்கு வட கரோலினாவும் ஓஹையோவும், 6.30-க்கு மேய்ன். வட கரோலினா வேகமாக எண்ணும் மாநிலம், காப்பி குடித்துக்கொண்டே உங்கள் மூன்று எண்களில் எது உயிரோடு இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஜார்ஜியாவில் யாருக்கும் 50 சதவீதம் வராவிட்டால் மறுசுற்று உண்டு. கலிஃபோர்னியா தபால் ஓட்டுகளை எண்ண வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். 2022-ல் சபை யாருக்கு என்று தெரிய எட்டு நாள் ஆனது, அதனால் அந்த வாரம் முழுக்க நோட்டைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.