குறைமாதப் பிள்ளைகளின் வார்டில் ஆள் குறைந்த இரவு: எதை விடக் கூடாது

திருகோணமலைப் பக்கம் குறைமாதப் பிள்ளைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வரும் தாதியருக்காக எழுதுகிறேன். ஆள் குறைந்த இரவில் எல்லா வேலையையும் ஓடி ஓடி முடிக்கப் பார்க்காதீர்கள், எதை விடவே கூடாது என்று முதலில் முடிவெடுங்கள்.

டியூட்டி ஏற்கும்போது மேசைக்குப் பக்கத்தில் நின்று கதை கேட்டால் போதாது. ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் போய்ப் பாருங்கள்: கனூலா (மருந்து ஏற்ற நாளத்தில் போடும் மெல்லிய குழாய்) போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, கடைசியாகப் பால் எப்போது, மொனிற்றர் அலாரத்தின் எல்லை என்ன. ஒட்சிசன் கொடுக்கும் குறைமாதப் பிள்ளைக்கு மொனிற்றர் காட்டும் இரத்த ஒட்சிசன் செறிவு பொதுவாக 90 முதல் 95 சதவீதம்தான் இலக்கு, கூடினால் கண்ணுக்கு ஆபத்து என்பதால் மேல் எல்லையும் வேண்டும்.

என் பெரிய பயம் மருந்துதான். ஒரு கிலோப் பிள்ளைக்குப் புள்ளி ஒரு இடம் தள்ளினாலே பத்து மடங்கு போய்விடும். 2007இல் அமெரிக்காவில் ஒரு நடிகரின் இரட்டைக் குழந்தைகளுக்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தான ஹெப்பாரினை மில்லிலீற்றருக்கு 10 யூனிட் குப்பிக்குப் பதிலாக 10,000 யூனிட் குப்பியிலிருந்து கொடுத்துவிட்டார்கள். லேபிள்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தன, பிள்ளைகள் பிழைத்தது பெரிய விஷயம். அதனால் இரண்டாவது ஆள் உங்கள் விடையைப் பார்க்காமல் தானே கணக்குப் போட வேண்டும். 0.5 என்று எழுதுங்கள், .5 வேண்டாம், 5.0உம் வேண்டாம், வெறும் 5 போதும். சிரிஞ்சில் மருந்து இழுக்கும்போது போன் அடித்தால் அடிக்கட்டும்.

டபுள் டியூட்டி (தொடர்ந்து இரண்டு டியூட்டி) செய்பவர் விடியற்காலையில் தனியாக மருந்து கலக்கவே கூடாது. 12.5 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்த தாதியரிடம் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று 2004இல் ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது.

கிண்ணியா, மூதூரிலிருந்து வந்து காத்திருக்கும் அம்மாமாருக்குக் கை கழுவவும், பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொள்ளவும், நிறம் நீலமானால் உடனே கூப்பிடவும் அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லிக்கொடுங்கள். தமிழ் தெரியாத மிஸ் (தாதி) டியூட்டியில் இருந்தால் இதை நீங்களே மொழிபெயர்த்துவிடுங்கள். ஆனால் ரியூபில் பால் கொடுப்பது, அலாரம் பார்ப்பது நம் வேலை, அதை அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

கடைசியாக, எழுதுங்கள். பிரித்தானியத் தரப்படி தீவிர சிகிச்சையில் ஒரு பிள்ளைக்கு ஒரு தாதி. நம் இரவில் எத்தனை பிள்ளைகள், வென்டிலேட்டரில் எத்தனை, எத்தனை தாதியர், பொறுப்பாக இருக்கும் சிஸ்டருக்கு எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதை அன்றன்றே வார்ட் புத்தகத்தில் பதியுங்கள். எண்ணிக்கை இல்லாமல் கூடுதல் ஆள் கேட்க முடியாது, அப்புறம் ஏதாவது தவறு நடந்துவிட்டால் பழி கடைசியாகத் தொட்ட கையின் மேல்தான் விழும்.