கார்பெட் கறையை எடுப்பதும், எந்தக் கறைக்கு இன்சூரன்ஸ் காசு தரும் என்பதும்

கார்பெட்டில் ஏதாவது கொட்டியதும் துணியை நனைத்து அழுத்தித் தேய்க்கிறோம் இல்லையா, அதை முதலில் நிறுத்துங்கள். தேய்த்தால் கறை நூலின் அடிவரை இறங்கிவிடும், பரப்பும் பெரிதாகும். கெட்டியாகக் கிடப்பதை ஸ்பூனால் வழித்து எடுத்துவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியை மேலே வைத்து அமுக்குங்கள், பழைய வேட்டித் துண்டு இருந்தால் நல்லது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வர வேண்டும். எதை ஊற்றுவதானாலும் முதலில் கட்டிலுக்கு அடியில் மறைந்திருக்கும் மூலையில் ஒரு சொட்டு விட்டுச் சாயம் போகிறதா என்று பாருங்கள். வளைகுடாவிலிருந்து யாரோ ஆசையாகச் சுமந்துவந்த கம்பளி கார்பெட் என்றால் பிளீச் பக்கமே போகாதீர்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதிகம் படுவது மீன் குழம்புக் கறைதான், தேங்காயும் மஞ்சளும் அரைத்துவிட்ட குழம்பு என்பதால் அதில் இரண்டு சிக்கல் சேர்ந்தே வருகிறது. எண்ணெய்க்கு முகப்பவுடரோ சோளமாவோ தூவி அரைமணி நேரம் விட்டுவிட்டுத் தட்டி எடுங்கள். மஞ்சளுக்குச் சலவை சோப்போ சோடா உப்போ போட்டால் காரம் பட்டுக் கறை செக்கச்செவேலென்று மாறும், பார்த்ததும் பயந்து இன்னும் சோப்பைப் போடுவோம், அங்கேதான் காரியம் கெடுகிறது. வெள்ளை வினிகரில் தண்ணீர் கலந்து ஒற்றி எடுத்து, பிறகு பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுகளைத் தண்ணீரில் கரைத்து ஒற்றுங்கள். மிச்சமிருக்கும் மஞ்சளை வெயில் வெளுக்கும், ஆனால் கார்பெட்டின் சாயமும் வெளுக்கும் என்பதால் நாள் முழுக்கப் போட்டுவைக்க வேண்டாம்.

குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் ஒட்டிய காலோடு உள்ளே வந்துவிடுவது உண்டு. ஈரமாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீரில் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இதற்கு வினிகரும் எலுமிச்சையும் ஆகவே ஆகாது. ரப்பர் ஷீட் அடிக்க ஆசிட் ஊற்றிப் பாலை உறைய வைக்கிறோமே, அதே வேலையைத்தான் இவையும் கார்பெட்டுக்குள் செய்யும். காய்ந்துபோயிருந்தால் இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, வராத நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். சக்கைப் பிசினுக்கு, அதாவது பலாப் பிசினுக்கு, தேங்காய் எண்ணெய், அப்புறம் அந்த எண்ணெய்க்கு மேலே சொன்ன பவுடர். ரத்தம், பால், முட்டை மூன்றுக்கும் பச்சைத் தண்ணீர் மட்டும்தான், வெந்நீர் ஊற்றினால் கறை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

கறையைவிடப் பெரிய எதிரி ஈரம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. நனைந்த கார்பெட் ஒன்றிரண்டு நாள் காயாமல் கிடந்தால் பூஞ்சை வந்துவிடும். ஓரத்தைத் தூக்கி நாற்காலி மேல் போட்டு அடியில் காற்று போகும்படி ஃபேன் வையுங்கள். சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறியதைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம், குழந்தைகள் தவழும் இடம் அது.

சரி, இனி இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ் கம்பெனி கறையைப் பார்ப்பதில்லை, கறை எதனால் வந்தது என்றுதான் பார்க்கிறது. நாமே கொட்டிய தேநீருக்கும் குழம்புக்கும் சாதாரண வீட்டு பாலிசியில் ஒன்றும் வராது. புயல், வெள்ளம், மாடித் தண்ணீர்த் தொட்டியோ குழாயோ திடீரென்று வெடித்து வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, இவற்றுக்கு வரும். மாதக்கணக்கில் சுவரில் கசிந்து கார்பெட் ஓரம் கறுத்தது என்றால் அது தேய்மானக் கணக்கில் போய்விடும். ஆகவே சுவரில் சின்ன ஈரத் திட்டு தெரிந்த அன்றே கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வீடுகளுக்கு 'பாரத் கிருஹ ரக்‌ஷா' என்ற ஒரேமாதிரியான பாலிசியைத் தருகின்றன. அதில் கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால் வீட்டுப் பொருட்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, கூடவே வரும். ஆனால் விலையுயர்ந்த கார்பெட்டை நகை, ஓவியம், பழங்காலப் பொருள் வரிசையில் அந்த பாலிசி தனியாக வைத்திருக்கிறது, அதைத் தனியே கேட்டுச் சேர்க்க வேண்டும். சாதாரண விரிப்பு என்றால் கவலை இல்லை. வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கியில் ஒரு இன்சூரன்ஸில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். பல நேரம் அது கடனாளி இறந்தால் கடனை அடைக்கிற ஆயுள் காப்பீடாக இருக்கும், வீட்டுக்கு அதனால் ஒரு பைசா வராது. 2017 நவம்பரில் ஓகி புயல், 2021 நவம்பரில் வெள்ளம் என்று இவ்வளவு பார்த்த நாம் அந்தத் தாளை ஒருமுறை எடுத்துப் படித்தாக வேண்டும்.

வாரண்டி வேறு சமாச்சாரம். வாஷிங் மெஷின் பழுதாகித் தண்ணீர் கொட்டினால் வாரண்டியில் மெஷினைச் சரிசெய்வார்கள், நனைந்த கார்பெட்டுக்குப் பொதுவாகப் பொறுப்பேற்க மாட்டார்கள். நாகர்கோவிலில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள அடுக்குமாடியில் வீடு வாங்கியவர்களுக்கு நல்ல பிடி ஒன்று இருக்கிறது: சாவி கொடுத்த 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையால் ஒழுகினால், எழுதிச் சொன்ன 30 நாளுக்குள் பில்டர் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும், இது சட்டம். சொந்த நிலத்தில் காண்ட்ராக்டர் வைத்துக் கட்டியவர்களுக்கு இது பொருந்தாது, நம்மில் பெரும்பாலானவர்கள் அந்த ரகம். அவர்களுக்கு ஒப்பந்தத் தாள்தான் துணை. வாய்ப்பேச்சில் கட்டாமல், ஒழுகினால் எத்தனை வருடம் வரை சரிசெய்து தருவார் என்று எழுதி வாங்குங்கள். மறுத்தால் இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

கிளைம் செய்வதாக இருந்தால் துடைப்பத்தை எடுக்கும் முன் போனை எடுங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது, சுவரில் எந்த உயரம் வரை நின்றது, கார்பெட்டின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, அன்றே கம்பெனிக்குச் சொல்லிப் புகார் எண் வாங்கிவிடுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரட்டும் என்று ஈரத்தோடு போட்டு வைக்கவும் கூடாது, சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வதும் நம் கடமைதான், படம் எடுத்த பிறகு காயப் போடுங்கள். தூக்கிப் போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பில் இல்லையா? கிறிஸ்துமஸுக்கோ ரம்ஜானுக்கோ ஓணத்துக்கோ வீட்டில் எடுத்த படங்களில் கார்பெட் தெரிந்தால் அதையும் காட்டலாம்.

கம்பெனி கிளைமை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார் எழுதுங்கள். ஒரு மாதமாகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனுக்கு, அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் கிடையாது. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணில் கேளுங்கள்.